புத்தகப் பையைத் திறந்து காட்டிய பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 21 நெருங்கும்போது 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைப் பற்றி உங்கள் பத்திரிகையிலும் மற்றப் பத்திரிகைகளிலும் எழுதுகிறீர்கள். யாருக்கு முன்கூட்டியே தெரியும், யார் தடுக்கவில்லை, வழக்கு எங்கே நிற்கிறது என்று. அதெல்லாம் எழுதப்படத்தான் வேண்டும், 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போன விஷயம் அது. ஆனால் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு எங்களுடைய சாதாரண நாட்கள் என்ன ஆகின என்று யாராவது எழுதுவார்களா என்று நான் வருடா வருடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது, உடுப்பு வாங்கப் போவது, பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருப்பவரைப் பார்ப்பது, இப்படியான சின்ன விஷயங்கள். யாரும் எழுதுவதாக இல்லை, அதனால் நானே எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

நான் மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். அந்த ஞாயிறு காலை எங்கள் வீட்டு மேசையில் பிரவுண் கடதாசியும் கத்தரிக்கோலும்தான் கிடந்தன. மறுநாள் திங்கட்கிழமை இரண்டாம் தவணை தொடங்க இருந்தது. மகளுக்கு அது ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சை வருடம், அதனால் கொப்பிகள் கூட. நான் உறை போட்டுக்கொண்டிருந்தேன், அவள் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணி தாண்டியிருக்கும், டவுன் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. நான் ட்ரான்ஸ்போமர் ஏதாவது வெடித்திருக்கும் என்று நினைத்தேன். என் அம்மா குசினியிலிருந்து வெளியே வந்து வாசலில் நின்றா, ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது, "இது குண்டு பிள்ளை" என்று சொன்னா. பத்து வருடமாக அந்தச் சத்தத்தை அவ கேட்கவில்லை. 2009 மே மாதத்தோடு அது முடிந்துபோனது என்றுதான் நாங்கள் எல்லாரும் இருந்தோம். அம்மாவின் காது மறக்கவில்லை.

அது சீயோன் தேவாலயம். கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் பெரிய ஹோட்டல்களிலும் வெடித்த செய்தி அதற்குள் டிவியில் வரத் தொடங்கியிருந்தது, எங்களுக்குத்தான் அதைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. சீயோனில் 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதில் 14 பேர் சிறுவர்கள். ஞாயிறு பாடம் முடிந்து, ஆராதனை தொடங்க முன்னம் வெளியே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள். வந்தவனை உள்ளே விடாமல் கேள்வி கேட்டுத் தடுத்தவர்களும் அந்த வாசலிலேயே போய்விட்டார்கள். அவர்கள் தடுத்திருக்காவிட்டால் உள்ளே இருந்த எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று நினைக்கவே முடியவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் அந்தச் சபைக்குப் போகிறவர்கள், அன்றைக்குப் பிந்திப் போனதால் தப்பினார்கள். அந்த வீட்டு அக்கா இன்றைக்கும் எந்த மண்டபத்துக்குப் போனாலும் பக்கக் கதவுக்குக் கிட்டத்தான் இருப்பா. கல்யாண வீட்டிலும் அப்படித்தான். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அன்று பின்னேரமே ஊரடங்குச் சட்டம். பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்திவிட்டது, மாதக் கடைசி வரை அப்படியே இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி சாதாரண லைனில் எடுத்து எடுத்து, இரவு பதினொரு மணிக்குத்தான் அவனுக்கு எங்கள் குரல் கேட்டது. வட்ஸ்அப் இல்லாவிட்டால் வதந்தி குறையும் என்றார்கள், வதந்தி மதிலுக்கு மேலால் வந்தது. தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டார்களாம், வெள்ளை வான் ஒன்று குண்டோடு சுற்றுகிறதாம். நாங்கள் இரண்டு நாள் கிணற்றுத் தண்ணீரைக் கூடக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம்.

சரி, இதெல்லாம் முதல் வாரத்துக் கதை. நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

மே மாதம் 6ஆம் திகதி மேல் வகுப்புகளுக்கும், 13ஆம் திகதி ஆரம்பப் பிரிவுக்கும் பாடசாலை தொடங்கியது. தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை பெற்றார் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம். மதிலைச் சுற்றி இருக்கிற பற்றையெல்லாம் வெட்ட வேண்டும், ஒரு கேற்றை மட்டும்தான் திறப்பது, பெற்றார் முறை வைத்து வாசலில் நின்று பிள்ளைகளின் பைகளைப் பார்க்க வேண்டும். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பை வாங்குங்கள் என்றும் ஒரு கதை வந்தது, கடைகளில் அது வந்து இரண்டு நாளில் முடிந்தும் போனது. நான் வாங்கவில்லை. வாங்கினவர்களின் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டி, உடைந்த பென்சில், கசங்கின கடதாசி எல்லாம் வெளியே தெரியத் தெரிய நடந்து வந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. ஒரு பிள்ளைக்குப் பையின் அடியில் ஒளித்து வைக்க ஏதாவது இருக்கும், ஒரு மாபிளோ ஒரு டொபியோ, அதற்குக் கூட இடமில்லாமல் போய்விட்டது.

எனக்கு செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் முறை. காலை ஆறே முக்காலுக்கு கேற்றடியில் ஒரு வாங்கு போட்டு, நான்கு தாய்மார், இரண்டு தகப்பன்மார், ஒரு பொலிஸ்காரர். பிள்ளைகள் வரிசையில் வந்து பையை வாங்கில் வைத்துச் சிப்பைத் திறப்பார்கள். முதல் நாள் பல பிள்ளைகளுக்குப் பயம், ஒரு ஒன்றாம் வகுப்புப் பொடியன் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான், அதற்குள் அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னக் கார் ஒன்று இருந்தது, நாங்கள் அதைப் பறித்துவிடுவோம் என்று நினைத்துவிட்டான். இரண்டாம் கிழமை பயம் இல்லை. மூன்றாம் கிழமை, நாங்கள் சொல்ல முன்னமே சிப்பைத் திறந்துகொண்டுதான் வந்தார்கள். சிரித்துக்கொண்டு, கதைத்துக்கொண்டு, ஒரு கையால் சிப்பை இழுத்துக்கொண்டு. அந்த அழுகையை விட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கை அசைவு எனக்குத் தெரியும். என் வயதில் உள்ள மட்டக்களப்பு ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். செங்கலடி கறுத்தப்பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஐசி என்கிற அடையாள அட்டையை ஒரு கையிலும் பையை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டு நடந்து போய், ஆமிக்காரன் கேட்க முன்னமே பையைத் திறந்து காட்டி, மறுபக்கம் போய் ஏறினவர்கள் நாங்கள். வயோதிபர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, எல்லாரும் இறங்கத்தான் வேண்டும். 2009இல் மகள் பிறந்தபோது எனக்கு இருந்த ஒரே ஆசை, இந்தப் பிள்ளை அந்த வரிசையில் நிற்கக் கூடாது என்பதுதான். பத்து வயது வரை அவள் நிற்கவில்லை. அப்புறம் நின்றாள், அவளுடைய பையைத் திறந்து பார்த்தது ஆமிக்காரன் இல்லை, நான்.

ஆமாம், என் சொந்த மகளின் பையை நானே பார்த்தேன். தாய் என்று விட்டால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்.

இனிச் சொல்லப் போவதை நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை, வீட்டில் கூட முழுதாகச் சொல்லவில்லை. தாக்குதலை நடத்தினது ஒரு முஸ்லிம் தீவிரவாதக் கும்பல், அதன் தலைவன் எங்களுக்குப் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்காரன். மகளின் வகுப்பு ரீச்சரும் ஒரு முஸ்லிம். அதே காத்தான்குடியிலிருந்து பஸ்ஸில் வருவா. ஜனவரியிலிருந்து மகளுக்கு அவதான் எல்லாப் பாடமும். பின்னம் விளங்காமல் மகள் அழுதுகொண்டு வந்த நாட்களில் இடைவேளையில் தன்னுடைய சாப்பாட்டை விட்டுவிட்டு ரொட்டியைப் பிய்த்துக் காட்டி விளங்கப்படுத்தினவ, "அரைவாசி உனக்கு, காவாசி எனக்கு, மிச்சம் யாருக்கு?" என்று கேட்டு. மகள் அதை வீட்டில் வந்து தோசையை வைத்துச் செய்து காட்டுவாள். அப்படி ஒரு ரீச்சர்.

பாடசாலை தொடங்கின முதல் வெள்ளிக்கிழமை அவ கேற்றால் வந்தா. முன்னம் அபாயா போட்டு வருவா, அன்றைக்கு சீலை உடுத்து, தலையை முந்தானையால் மூடியிருந்தா. மற்ற ஆசிரியர்களின் கைப்பைகளை நாங்கள் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லவும் இல்லை. அவ வந்து நின்றபோது வாங்கடியில் ஒரு அமைதி வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு தாய் அவவின் பையைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தா, கொப்பிகள், ஒரு தண்ணீர்ப் போத்தல், குளிசைப் பெட்டி ஒன்று. மூடிக் கொடுத்தா. அவ போக வெளிக்கிட, "உள்ள இருக்கிற சின்னப் பையையும் ஒருக்கா பாப்பம்" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். நான் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் சொன்னது நான்தான். அவ ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தா, திறந்து காட்டினா. ஐசி, பஸ் சில்லறை, மகளின் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நட்சத்திர ஸ்டிக்கர். அவ்வளவுதான்.

அந்தப் பார்வையும் எனக்குத் தெரிந்த பார்வைதான். கொழும்பில் வேலை தேடிப் போன காலத்தில், தமிழ்ப் பெயரும் மட்டக்களப்பு முகவரியும் உள்ள ஐசியைக் கையில் வாங்கிப் பார்க்கிறவனை நான் பார்த்த பார்வை அது. உன்னால் என்னை ஒன்றும் கேட்காமல் விட முடியும், ஆனால் கேட்கிறாய் என்ற பார்வை.

பிறகு பல மாதம் நான் எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது உண்மைதானே, 14 பிள்ளைகள் செத்த ஊர்தானே, யாராக இருந்தாலும் பார்த்திருப்பார்கள்தானே என்று. பயம் உண்மைதான். செத்த பிள்ளைகளின் தாய்மாருக்கு முன்னால் நின்று "பயப்படாதீர்கள்" என்று சொல்ல எனக்கோ யாருக்கோ உரிமை இல்லை. ஆனால் அந்தக் கேற்றடியில் நான் பயந்து கேட்கவில்லை. அந்த ரீச்சருக்கு நான் பயப்படவில்லை, ஒரு துளி கூட இல்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கேட்காமல் விட்டால் நான் யாராகிவிடுவேன் என்றுதான் கேட்டேன். தாக்குதல் எங்கள் அன்றாட வாழ்க்கையில் செய்த வேலை என்று நான் சொல்வது இதைத்தான். சோதனை செய்தது கூடப் பரவாயில்லை, யாரைச் சோதிப்பது என்று ஒருவரும் சொல்லித் தராமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நாட்டில் மற்ற இடங்களில் இதைவிட எவ்வளவோ நடந்தது. மகளுக்குப் பாடசாலை தொடங்கிய அதே மே 13ஆம் திகதி குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கங்களில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் அடித்து நொறுக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். ஹசலக்கவில் ஒரு பெண்ணை அவ போட்டிருந்த சட்டையில் புத்த சமயச் சின்னமான தர்மச்சக்கரம் இருக்கிறது என்று பிடித்து உள்ளே போட்டார்கள், அது கப்பல் சுக்கானின் படம். முகத்தை மூடுவதற்குத்தான் அவசரகால விதியில் தடை வந்தது, ஆனால் வைத்தியசாலை வாசலிலும் ஒபிஸ் வாசலிலும் நின்றவர்கள் அதைத் தலைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அரச அலுவலகங்களில் பெண்கள் சீலையோ ஒசரியோதான் உடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு மாற்றப்பட்டது. அவசரகாலச் சட்டம் ஓகஸ்ட் 22 வரை நீடித்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்குப் பிறகும் வேலை செய்தது. 1979இல் வந்த அந்தச் சட்டம் எங்கள் பொடியன்களை என்ன செய்தது என்று தமிழர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அதே சட்டத்தில் 2020இல் ஒரு முஸ்லிம் இளைஞர், தமிழில் கவிதை எழுதினவர், பிடிபட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து, 2023 டிசம்பரில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் அம்மா சத்தமாக வாசித்தா, வாசித்துவிட்டு, "இதுவும் அதே கதைதான்" என்று மட்டும் சொன்னா.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாக்குதலை நடத்தின அந்தக் கும்பல் 2017 மார்ச்சில் காத்தான்குடிக்குள்ளேயே மற்ற முஸ்லிம்களோடு மோதி, அதற்குப் பிறகுதான் அதன் தலைவன் தலைமறைவானான். அவனைப் பற்றிப் பொலிஸில் முறையிட்டவர்களும் முஸ்லிம்கள்தான். ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் அவனுடைய ஆட்கள் ஒளிந்திருந்த வீட்டைச் சந்தேகப்பட்டுச் சொல்லிக் கொடுத்தவர்களும் அந்த ஊர் முஸ்லிம் சனம்தான். இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்தது, அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் பெரிய கதிரைகளில் இருந்தவர்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே அதைச் சொல்லி, அன்றைய ஜனாதிபதி தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புக் கொடுத்தது. கடமையைச் செய்யாமல் விட்டவர்கள் அவர்கள், அதற்காகக் கைப்பையைத் திறந்து காட்டினது பஸ்ஸில் வேலைக்கு வந்த ஒரு ரீச்சர்.

எங்கள் வீட்டுக்கு முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு சீலைக்கார நானா வருவார். காத்தான்குடிதான். முதலில் சைக்கிளில் மூட்டை கட்டி, பிறகு மோட்டார் சைக்கிளில். கடனுக்குத் தந்து மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வார், கொப்பியில் எழுதி வைப்பார். என் கூறைச் சீலை அவர் கொண்டுவந்தது. மகளின் முதல் பாடசாலைச் சீருடைத் துணி அவர் கொண்டுவந்தது. சண்டைக் காலத்தில், தமிழர் முஸ்லிம் என்று ஊரே இரண்டாகக் கிழிந்த நாட்களில் கூட, 1990ஐயும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கொஞ்ச மாதம் விட்டு அவர் திரும்பி வந்திருக்கிறார் என்று அம்மா சொல்வா. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அவர் வரவில்லை. முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்காதீர்கள் என்று போனில் செய்திகள் சுற்றிக்கொண்டிருந்தன, ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளில் மூட்டையோடு வருகிற தாடிக்காரரை யார் உள்ளே விடுவார்கள். அம்மா அவருக்கு 2,400 ரூபா தர இருந்தது. மாதா மாதம் ஒரு என்வலப்பில் 400 ரூபா போட்டுச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டே வந்தா.

செப்டெம்பரில் ஒரு நாள் அவர் முதலில் போன் எடுத்தார். முப்பது வருடத்தில் வர முன்னம் போன் எடுத்ததே இல்லை. "அக்கா, நான் வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர் கேற்றுக்கு வெளியே நின்று, மூட்டையை மதிலில் வைத்து அவிழ்த்து, ஒவ்வொரு மடிப்பாக உதறிக் காட்டினார். அம்மா உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, "இருக்கட்டும் அக்கா, ஆக்கள் பாப்பாங்க" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க வராட்டி நான் காசு தரமாட்டன்" என்று என்வலப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா. கடைசியில் வந்தார், திண்ணையில் இருந்தார், தேத்தண்ணி குடித்தார். முன்னம் போல் மகளைக் கூப்பிட்டுப் படிப்பு எப்படி என்று கேட்கவில்லை. இப்போதும் வருகிறார், வயது போய்விட்டது, மகன்தான் கூட்டிக்கொண்டு வருவான். இப்போதும் போன் எடுத்துவிட்டுத்தான் வருகிறார்.

தமிழரும் முஸ்லிம்களும் கிழக்கில் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். அந்தப் பேச்சை நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். மேடையில் அதைச் சொல்லுவது லேசு, கேற்றுக்கு வெளியே நிற்கிற ஒருவரை உள்ளே கூப்பிடுகிறபோது பக்கத்து வீட்டு யன்னல் திறக்கிறதா என்று பார்க்காமல் கூப்பிடுவதுதான் கஷ்டம். என் அம்மாவுக்கு அது முடிந்தது. எனக்கு முடிந்திருக்குமா என்று இன்றைக்கும் தெரியாது.

ஆரையம்பதியில் என் அக்கா இருக்கிறா. அங்கே போவதென்றால் காத்தான்குடியைத் தாண்டித்தான் போக வேண்டும். நடுவில் பேரீச்சை மரம் நட்ட அந்த வீதியில் முன்னமெல்லாம் ஓட்டோவை நிறுத்தி ஏதாவது வாங்காமல் போனதில்லை, தீபாவளி உடுப்பென்றால் எங்களுக்கு அந்தக் கடைத்தெருதான், விலையும் மலிவு, பேரமும் பேசலாம். 2019இல் அந்த ஊர் முகப்பில் ஆமி நின்றது, கடைகள் பாதி பூட்டு, நாங்கள் நிறுத்தாமல் போனோம். அடுத்த வருடமும் நிறுத்தவில்லை. பிறகு கொரோனா, அதில் முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்த கொடுமை, அது 2021 பெப்ரவரி வரை நடந்தது, அந்த நாட்களில் அந்த வீதியால் போனபோது யாரையும் முகம் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற 2022இல்தான், பெற்றோல் வரிசையில் எல்லாரும் ஒன்றாகக் காய்ந்ததில், பழையபடி கதை பேச்சு கொஞ்சம் தொடங்கியது. இப்போது தீபாவளிக்கு அங்கே போகிறோம். ஆனால் போவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறோம். முன்னம் அந்த வார்த்தை இருக்கவில்லை.

கேற்றடியில் பை பார்ப்பதை யாரும் நிறுத்தவில்லை, அது தானாகத்தான் நின்றது. மாதம் போகப் போக முறைக்கு வருகிற பெற்றார் குறைந்தார்கள், பொலிஸ்காரர் வரவில்லை, 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலையையே பூட்டினார்கள், திரும்பத் திறந்தபோது அதே வாங்கில் கை கழுவுகிற தண்ணீரும் காய்ச்சல் பார்க்கிற கருவியும் இருந்தன. இனி பார்க்கத் தேவையில்லை, ஆபத்து முடிந்துவிட்டது என்று பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தொடங்கும்போது கூட்டம் வைத்தோமே, முடிக்கும்போதும் ஒரு கூட்டம் வைத்து, பிள்ளைகளையும் அந்த ஆசிரியர்களையும் முன்னால் இருத்தி, இது முடிந்துவிட்டது, இதில் சிலருக்கு நாங்கள் அநியாயம் செய்தோம் என்று சொல்லியிருக்கலாம். என் மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். எந்த வாசலைக் கண்டாலும், நூலகமோ வங்கியோ, அவளுடைய கை தானாகப் பையின் சிப்புக்குப் போகிறது. அது ஏன் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

அந்த ரீச்சர் 2019 வருடக் கடைசியில் மாற்றம் கேட்டுப் போய்விட்டா. அவ மட்டும் இல்லை, தமிழ்ப் பாடசாலைகளிலிருந்து முஸ்லிம் ஆசிரியர்கள் பலர் அந்த நாட்களில் போனார்கள், முஸ்லிம் பாடசாலைகளில் படிப்பித்த தமிழ் ஆசிரியர்களும் மாற்றம் கேட்டார்கள். கடைசி நாளில் பிள்ளைகள் வாழ்த்து மட்டை செய்து கொடுத்தார்கள். பெற்றார் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. புலமைப்பரிசிலில் மகள் வெட்டுப்புள்ளி தாண்டியிருந்தாள், அதற்கு ஒரு நன்றி சொல்லக் கூட நான் அந்தக் கேற்றைத் தாண்டி உள்ளே போகவில்லை.

அவவின் வாப்பா உங்கள் பத்திரிகையை ஒரு நாளும் தவறாமல் வாங்குகிறவர் என்று ரீச்சர் ஒருமுறை வகுப்பில் சொன்னதாக மகள் சொல்லியிருக்கிறாள். பழைய பத்திரிகைகளில்தான் அவ பிள்ளைகளுக்குக் கடதாசி வேலை சொல்லிக் கொடுப்பா. இந்தக் கடிதத்தை நான் உங்களுக்கு எழுதுவதற்கு அது ஒரு காரணம்.

ரீச்சர், இது உங்கள் கண்ணில் பட்டால், நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் போட எனக்குத் தைரியம் வரவில்லை, ஆனால் தோசையில் பின்னம் செய்த பிள்ளையின் அம்மா என்றால் போதும் என்று நினைக்கிறேன். அவள் கணிதப் பிரிவுதான் எடுத்திருக்கிறாள். உங்கள் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டின கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது, நான் உறை போட்ட அதே கொப்பி. அன்றைக்கு உங்கள் சின்னப் பையைத் திறக்கச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வருகிற நோன்புப் பெருநாளுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வர விருப்பம். வரலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மட்டக்களப்பு.